அமெரிக்கக் கவுண்டி நீதிமன்றத்திலிருந்து விவாகரத்து ஆவணம் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மறுமணம், கிரீன் கார்டு, குடியுரிமை, பழைய பெயருக்குத் திரும்புவது, இந்தியப் பாஸ்போர்ட்டிலிருந்து துணைவர் பெயரை நீக்குவது என ஏதாவது ஒரு கட்டத்தில் விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கேட்பார்கள். அமெரிக்காவில் இந்த ஆவணங்களை மத்திய அரசு வைத்திருப்பதில்லை. நாடு முழுவதும் 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவுகள்) உள்ளன. எந்தக் கவுண்டி நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியதோ, காகிதமும் அங்கேதான் இருக்கும்.

பெரும்பாலானோர் கூகுளில் தேடி, முதலில் வரும் தனியார் தளத்தில் பணம் கட்டித்தான் தொடங்குகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பல நேரங்களில் செய்யவே தேவையில்லாத வேலை. எந்தக் காகிதம், எந்தக் கவுண்டி, எந்த அலுவலகம், என்ன வழக்கு எண், அதன் பிறகே விண்ணப்பம் என்பதுதான் சரியான வரிசை. இது மாறினால் பணமும் வாரக்கணக்கில் நேரமும் வீணாகும்.

1. எந்தக் காகிதம் வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்

விவாகரத்து ஆவணம் என்ற பெயரில் மூன்று வெவ்வேறு காகிதங்கள் புழங்குகின்றன.

முதலாவது, மாநிலச் சுகாதாரத் துறை தரும் சான்றிதழ் அல்லது சரிபார்ப்புக் கடிதம். இருவர் பெயர், தேதி, கவுண்டி ஆகியவை மட்டுமே இதில் இருக்கும். இரண்டாவது, நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்பு. சொத்து, குழந்தைகள், ஜீவனாம்சம், பெயர் மாற்றம் எல்லாம் இதில்தான் வரும். மூன்றாவது, மனு முதல் கடைசி உத்தரவு வரையிலான முழு வழக்குக் கட்டு. சில நேரம் இது நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும்.

காகிதத்தைக் கேட்ட அலுவலகத்திடமே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சான்றிதழ் போதுமா, தீர்ப்பு வேண்டுமா? சாதாரண நகல் போதுமா, சான்றிட்ட நகல் (உண்மை நகல் என்று நீதிமன்றம் முத்திரையிட்டுத் தருவது) வேண்டுமா? துணைவருக்கான ஐ-130, குடியுரிமைக்கான என்-400 போன்ற குடியேற்ற விண்ணப்பங்களில் முந்தைய திருமணம் ஒவ்வொன்றும் முடிந்ததற்கான ஆதாரத்தை இணைக்க வேண்டும். அனுப்பும்போது பெரும்பாலும் நகல் போதும். தூதரக நேர்காணலுக்குப் போகும்போது அசலோ சான்றிட்ட நகலோ கையில் இருக்க வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் பழைய பெயருக்குத் திரும்பச் சான்றிட்ட தீர்ப்பு தேவை. பெயரை மீட்டுத் தரும் வரி அந்தத் தீர்ப்பிலேயே இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத நகல் எத்தனை முத்திரையோடு வந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

புதிதாகத் தேடுபவர்கள் அதிகம் ஏமாறுவது சுகாதாரத் துறைக் கடிதத்தில்தான். டெக்சாஸ் மாநிலம் 20 டாலருக்கு ஒரு சரிபார்ப்புக் கடிதம் தருகிறது. 1968 முதல் பதிவான விவாகரத்துகளுக்கு அது கிடைக்கும். ஆனால் அது தீர்ப்புக்கு மாற்று அல்ல. கலிபோர்னியாவில் மாநில அளவிலான பதிவு 1962 முதல் 1984 ஜூன் வரைதான் உள்ளது. அதற்குப் பிந்தைய விவாகரத்துக்கு மாநிலத் தலைநகருக்கு எழுதிக் காத்திருப்பதில் பயனில்லை.

தீர்ப்பின் பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் அது 'ஃபைனல் டிக்ரி ஆஃப் டைவர்ஸ்'. நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் 'ஜட்ஜ்மென்ட் ஆஃப் டைவர்ஸ்'. இல்லினாயில் 'ஜட்ஜ்மென்ட் ஃபார் டிசொல்யூஷன் ஆஃப் மேரேஜ்'. கலிபோர்னியாவில் எஃப்எல்-180 என்ற படிவமே தீர்ப்பு. அங்கே எஃப்எல்-190 என்று இன்னொரு படிவமும் உண்டு. தீர்ப்பு பதிவாகிவிட்டது என்று தெரிவிக்கும் அறிவிப்பு அது. கைக்குக் கிடைத்த எஃப்எல்-190-ஐயே தீர்ப்பு என்று நினைத்து அனுப்பித் திருப்பி வாங்கியவர்கள் பலர்.

மாசசூசெட்ஸில் முதலில் வரும் தீர்ப்பு இறுதியானது அல்ல. அதை 'நைசை' என்பார்கள். 90 நாள் கழிந்த பிறகே விவாகரத்து முழுமை பெறும். மறுமணத்துக்கோ குடியேற்றத்துக்கோ நகல் எடுப்பவர்கள், விவாகரத்து முழுமை பெற்றதைக் காட்டும் 'டைவர்ஸ் ஆப்சல்யூட்' சான்றிதழைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் பல வழக்குகளில் தனிக் காகிதம். 'ஒப்பந்தம் இத்தீர்ப்பில் அடங்கும்' என்ற ஒற்றை வரியோடு தீர்ப்பு இரண்டே பக்கத்தில் முடிந்துவிடும். ஒப்பந்தமும் தேவையென்றால் விண்ணப்பத்தில் 'எல்லா இணைப்புகளுடனும்' என்று எழுதாவிட்டால் அந்த இரண்டு பக்கம் மட்டுமே வரும். கலிபோர்னியாவில் திருமண உறவை முதலில் முறித்துவிட்டுச் சொத்து விவகாரத்தைப் பிறகு தீர்ப்பதும் உண்டு. அப்படியானால் ஒரே வழக்கில் இரண்டு தீர்ப்புகள் இருக்கும். இரண்டின் தேதியையும் பாருங்கள்.

2. வழக்கு நடந்த கவுண்டியைக் கண்டுபிடியுங்கள்

திருமணம் எங்கே நடந்தது என்பது இங்கே பொருட்டே இல்லை. சென்னையில் திருமணம் ஆகி நியூஜெர்சியில் விவாகரத்து வாங்கியிருந்தால் காகிதம் நியூஜெர்சியில்தான். வழக்கு சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்தில் முடிந்திருந்தால் எந்த அமெரிக்கக் கவுண்டியிலும் தேடிப் பயனில்லை.

மனுப் போட்டவர் அப்போது எங்கே குடியிருந்தார் என்பதே முக்கியம். கலிபோர்னியாவில் விவாகரத்துக்கு மனுச் செய்ய, இருவரில் ஒருவராவது மாநிலத்தில் 6 மாதமும் அந்தக் கவுண்டியில் 3 மாதமும் வசித்திருக்க வேண்டும். டெக்சாஸில் மாநிலத்தில் 6 மாதம், கவுண்டியில் 90 நாள். ஆகவே தீர்ப்புத் தேதியில் இருந்த முகவரியை வைத்துத் தேடாமல், மனுப் போட்ட தேதிக்கு முந்தைய முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு ஒரு வருடம் இழுத்திருந்தால் இரண்டும் வேறாக இருக்கலாம். பிரிந்த பின் இருவரும் வெவ்வேறு மாநிலத்தில் இருந்தால், மனு யார் பக்கத்தில் போடப்பட்டது என்பதைப் பழைய சம்மன் காகிதமோ வழக்கறிஞர் கடிதமோ காட்டிக் கொடுக்கும்.

ஊர்ப் பெயரிலிருந்து கவுண்டிக்கு வரும்போதும் தவறு நடக்கும். எடிசன் என்றால் மிடில்செக்ஸ் கவுண்டி. ஃபிரீமாண்ட் என்றால் அலமேடா. சன்னிவேல் என்றால் சாண்டா கிளாரா. இவை எளிது. ஆனால் ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என இரண்டு கவுண்டிகளில் பரவியிருக்கிறது. நேப்பர்வில் டுபேஜ், வில் ஆகிய இரண்டிலும் இருக்கிறது. தபால் முகவரியில் ஊர் மட்டும்தான் இருக்கும். வீட்டுக்கான சொத்து வரி ரசீதோ வாக்காளர் அட்டையோ கவுண்டியின் பெயரைக் காட்டும். எதுவும் இல்லையென்றால் இரண்டு கவுண்டியிலும் தேடுங்கள்.

வர்ஜீனியாவில் 38 நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராதவை. அலெக்சாண்ட்ரியா அப்படிப்பட்டது, அதற்குத் தனி சர்க்யூட் நீதிமன்றம் இருக்கிறது. லூசியானாவில் கவுண்டிக்குப் பதில் பாரிஷ்.

கவுண்டியே தெரியவில்லை, மாநிலம் மட்டும்தான் தெரியும் என்றால் அப்போதுதான் மாநிலச் சுகாதாரத் துறை உதவும். இல்லினாய் 1962 முதல், நியூயார்க் 1963 முதல், ஃபுளோரிடா 1927 ஜூன் 6 முதல் பதிவு வைத்திருக்கின்றன. அந்தச் சான்றிதழில் இருக்கும் கவுண்டிப் பெயரை எடுத்துக்கொண்டு அந்த நீதிமன்றத்துக்குப் போகலாம்.

3. கவுண்டிக்குள் சரியான அலுவலகம்

கிளார்க் என்றால் இங்கே பதிவேடுகளைக் காக்கும் அலுவலர். 'கவுண்டி கிளார்க்' என்ற பலகையைப் பார்த்ததும் நேராக உள்ளே போய்விடாதீர்கள். டெக்சாஸில் கவுண்டி கிளார்க்கிடம் இருப்பது திருமண உரிமமும் நிலப் பதிவும். விவாகரத்து வழக்குகள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் இருக்கும். கலிபோர்னியாவிலும் கவுண்டி கிளார்க் திருமணப் பதிவைத்தான் பார்க்கிறார். விவாகரத்து சுப்பீரியர் நீதிமன்றத்தின் குடும்ப வழக்குப் பிரிவில் இருக்கும். நியூயார்க்கில் நிலைமை தலைகீழ். அங்கே தீர்ப்பளிப்பது சுப்ரீம் கோர்ட். பெயர் அப்படி இருந்தாலும் அது விசாரணை நீதிமன்றம்தான். அதன் பதிவேடுகளைக் காப்பவர் கவுண்டி கிளார்க். நியூயார்க் குடும்ப நீதிமன்றத்தில் போய்க் கேட்டால் இல்லை என்பார்கள், ஏனென்றால் அந்த நீதிமன்றம் விவாகரத்து வழங்குவதே இல்லை.

மற்ற மாநிலங்களில்: இல்லினாய், ஃபுளோரிடா, வர்ஜீனியா, மேரிலாந்தில் சர்க்யூட் நீதிமன்ற கிளார்க். ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனாவில் சுப்பீரியர் நீதிமன்ற கிளார்க். மாசசூசெட்ஸில் புரோபேட் அண்ட் ஃபேமிலி நீதிமன்றம். ஒஹாயோவில் காமன் பிளீஸ் நீதிமன்றம். பென்சில்வேனியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் இந்த அலுவலருக்குப் புரோதோனட்டரி என்று பெயர். இந்தச் சொல் தெரியாமல் கவுண்டி இணையதளத்தில் அலைவோர் உண்டு. நியூஜெர்சியில் சுப்பீரியர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவு. பழைய கட்டுகள் டிரென்டனில் உள்ள ஆவண மையத்துக்குப் போய்விடும்.

'பேசர்' என்ற தளத்தில் தேடாதீர்கள். அது மத்திய நீதிமன்றங்களுக்கானது. திவால் வழக்கு அதில் கிடைக்கும், விவாகரத்து கிடைக்காது.

4. தேடும் முன் பெயர்களைப் பட்டியலிடுங்கள்

தமிழர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான் என்பதால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

நீதிமன்ற அட்டவணை குடும்பப் பெயரை வைத்தே அடுக்கப்பட்டிருக்கும். நமக்கோ பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு, அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்ற மூன்றெழுத்து வந்திருக்கும். வழக்கறிஞர் மனுவைத் தயாரித்தபோது எதைப் பார்த்து எழுதினாரோ அதுவே நீதிமன்றப் பெயர்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் இந்த வடிவங்களை எழுதிக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி, விசாவில் உள்ளபடி, ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடி, தந்தை பெயர் கடைசியில் வரும்படி, தந்தை பெயர் முதலில் வரும்படி, கணவர் பெயர் கடைசியில் வரும்படி. பிறகு எழுத்துக்கூட்டல். 'த' ஒலிக்கு ஆங்கிலத்தில் 'டி' மட்டுமா, 'டிஎச்' சேர்த்தா? 'ழ'வுக்கு 'எல்'லா, 'இசட்எச்'சா? 'லட்சுமி'யில் 'எக்ஸ்' இருக்கிறதா? நெடிலுக்கு இரட்டை 'ஏ' போட்டார்களா? நீளமான பெயரை இரண்டாக உடைத்து, பின்பாதியைக் குடும்பப் பெயராக்கிய வழக்குகளும் உண்டு.

பெயர்களோடு கையில் இருக்க வேண்டியவை: இருவரின் பிறந்த தேதி, திருமணத் தேதி, தீர்ப்பு வந்த ஆண்டு குறைந்தபட்சம் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளிக்குள்ளாவது, வழக்கறிஞர் பெயர், உங்கள் அடையாள அட்டையின் நகல். வழக்கறிஞர் பெயர் எதற்கென்றால், அவர் அலுவலகத்தில் பழைய கட்டு இருக்கலாம். வழக்கு எண்ணை ஒரே தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடுவார்கள்.

5. வழக்கு எண்ணைப் பிடியுங்கள்

எண் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எண் இருந்தால் கிளார்க் நேரே கட்டை எடுப்பார். இல்லையென்றால் தேடுதல் கட்டணமும் காத்திருப்பும் சேரும். கலிபோர்னியாவில் 10 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் தேடலுக்கு 15 டாலர் தனிக் கட்டணம்.

அ. கவுண்டி நீதிமன்றத் தளத்தில் வழக்குத் தேடல் பக்கத்தைத் திறங்கள். மேரிலாந்து, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் மாநிலம் முழுவதற்கும் ஒரே தேடல் தளம் இருக்கிறது. பல மாநிலங்களில் கவுண்டிக்குக் கவுண்டி தனி.

ஆ. ஒருவர் பெயரை மட்டும் போட்டுத் தேடுங்கள். இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டால் ஒன்றில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் எதுவும் வராது. பெயர் அரிதான துணைவரை முதலில் தேடுங்கள். 'குமார்' என்று தேடினால் சாண்டா கிளாராவில் பக்கம் பக்கமாக வரும்.

இ. குடும்பப் பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டுப் பாருங்கள். பல தளங்கள் இதை ஏற்கும். எழுத்துக்கூட்டல் சிக்கலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஈ. குடும்ப வழக்கு என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். எண்ணைப் பார்த்தே வகை தெரியும். நியூஜெர்சியில் விவாகரத்து எண் 'எஃப்எம்' என்று தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கம் கவுண்டி. 'எஃப்எம்-12' என்றால் மிடில்செக்ஸ். சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் ஆண்டுக்குப் பின் 'டி' என்ற எழுத்து வரும்.

உ. வழக்கு கிடைத்ததும் நிலையைப் படியுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். மனுப் போட்டுவிட்டுப் பிறகு யாரும் தொடராததால் தள்ளுபடியான வழக்குகள் உண்டு. அதில் தீர்ப்பே இருக்காது. சட்டப்படி திருமணம் இன்னும் நீடிக்கிறது என்று பொருள். சட்டப்படியான பிரிவு, திருமண ரத்து ஆகியவையும் இதே பட்டியலில் வரும். அவை விவாகரத்து அல்ல. வேறு கவுண்டிக்கு மாற்றப்பட்ட வழக்கு என்றால் இறுதித் தீர்ப்பு மாறிய இடத்தில் இருக்கும்.

ஊ. நிகழ்வுப் பட்டியலில் தீர்ப்பு பதிவான தேதியையும் ஆவணத்தின் பெயரையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் அதே சொற்களில் எழுத வேண்டும்.

தளத்தில் வழக்கின் பெயர் மட்டும் தெரிந்து காகிதம் திறக்கவில்லை என்றால் கோளாறு என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியா நீதிமன்ற விதிகள் குடும்ப வழக்குக் காகிதங்களை இணையம் வழியே பொதுமக்களுக்குத் திறப்பதைத் தடுக்கின்றன. நீதிமன்றக் கட்டடத்தில் உள்ள கணினியில் பார்க்கலாம்.

6. யாருக்குத் தருவார்கள்

டெக்சாஸ், ஃபுளோரிடா, கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் விவாகரத்துத் தீர்ப்பு பொதுவாகப் பொது ஆவணம். நீங்கள் வழக்கில் தொடர்புள்ளவர் இல்லையென்றாலும் நகல் கேட்கலாம். சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு போன்றவை மறைக்கப்பட்டிருக்கும். நிதி அறிக்கைகள் பல இடங்களில் தனியாக மூடி வைக்கப்படும்.

நியூயார்க் இதற்கு நேர்மாறு. அங்கே விவாகரத்துக் கட்டு 100 ஆண்டுகளுக்கு மூடப்பட்டது. கணவன், மனைவி, அவர்களின் வழக்கறிஞர் ஆகியோருக்கு மட்டுமே தருவார்கள். மற்றவர்களுக்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும். உங்கள் சார்பில் அண்ணனோ நண்பரோ போவதானால் நோட்டரி முன் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு அனுப்புங்கள். வர்ஜீனியா மாநிலச் சுகாதாரத் துறையில் உள்ள விவாகரத்துப் பதிவு 25 ஆண்டுக்கு உரியவர்களுக்கும் நெருங்கிய குடும்பத்தினருக்கும் மட்டுமே.

7. விண்ணப்பம் எழுதி அனுப்புவது

நேரில் போக முடிந்தால் அதுவே வேகம். அண்மைக் காலக் கட்டு கணினியில் இருந்தால் அன்றே கிடைப்பது வழக்கம். போகும் முன் ஒரு முறை தொலைபேசியில் அழைத்துக் கட்டு அங்கேயே இருக்கிறதா, வெளிக் கிடங்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடங்கில் இருந்தால் முதலில் வரவழைக்கச் சொல்லிவிட்டு, வந்த பிறகு போகலாம்.

தபாலில் அனுப்புவதென்றால், நீதிமன்றத்தின் சொந்தப் படிவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வெள்ளைத்தாளில் ஆங்கிலத்தில் ஒரே பக்கம் போதும். வரிசை இப்படி: வழக்கு எண், இருவரின் பெயர் நீதிமன்றத்தில் உள்ளபடி, தீர்ப்புப் பதிவான தேதி, ஆவணத்தின் பெயர், சான்றிட்ட நகலா, எத்தனை, இணைப்புகளும் வேண்டுமா, உங்கள் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், கையெழுத்து. எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற கதை வேண்டாம். வெளிநாட்டில் பயன்படுத்த, அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக மாநில அரசு இணைத்துத் தரும் சான்று) வாங்க என்றால் மட்டும் சொல்லுங்கள், ஏனென்றால் அதற்கேற்ற சான்றைப் போட்டுத் தருவார்கள்.

உங்கள் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய பெரிய உறையை உள்ளே வையுங்கள். சிறிய உறையில் பதினைந்து பக்கத் தீர்ப்பு நுழையாது. தபால்தலை போதாமல் கிளார்க் மேசையிலேயே கிடக்கும்.

இணையத்தில் விண்ணப்பிக்கும்போது தளத்தின் முகவரியைப் பாருங்கள். பெரும்பாலான நீதிமன்றத் தளங்கள் '.கவ்' (.gov) என்று முடியும். சில கிளார்க் அலுவலகங்கள் வேறு முடிவும் வைத்திருப்பதால், கவுண்டியின் அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்து கிளிக் செய்து அங்கே போவதே பாதுகாப்பு. 'யாருடைய விவாகரத்தும் உடனே' என்று விளம்பரம் செய்யும் தளங்கள் பழைய அட்டவணை வரிகளைத்தான் விற்கின்றன. சான்றிட்ட நகலுக்கு முத்திரை போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. வைட்டல்செக் மட்டும் பல மாநிலங்களின் அங்கீகாரம் பெற்ற இடைத்தரகர். ஆனால் அதில் பொதுவாகக் கிடைப்பது மாநிலச் சான்றிதழ்தான்.

8. கட்டணம்

கட்டணம் பக்கத்துக்கு இவ்வளவு, சான்றுக்கு இவ்வளவு என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். 12 பக்கத் தீர்ப்பை எடுத்துக்கொண்டால்:

ஃபுளோரிடாவில் பக்கத்துக்கு 1 டாலர், சான்றுக்கு 2 டாலர், மொத்தம் 14. வாஷிங்டன் மாநிலத்தில் முதல் பக்கத்துக்கு 5, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 1, மொத்தம் 16. கலிபோர்னியாவில் பக்கத்துக்கு 50 சென்ட், விவாகரத்து ஆவணச் சான்றுக்கு 15 டாலர், மொத்தம் 21. அங்கே பொதுவான ஆவணச் சான்றுக்குக் கட்டணம் இதைவிட அதிகம். ஆகவே கட்டணப் பட்டியலில் விவாகரத்து ஆவணத்துக்கான வரியைத் தேடிப் பாருங்கள். இத்தொகைகள் மாறக்கூடியவை; அனுப்பும் அன்று பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

பக்க எண்ணிக்கை தெரியாமல் தொகை எழுத முடியாது. கிளார்க்கிடம் கேட்டால் சொல்வார். சில நீதிமன்றங்கள் தொகையை நிரப்பாமல், 'இத்தனை டாலருக்கு மிகாமல்' என்று எழுதிய காசோலையை ஏற்கும். தனிநபர் காசோலையை ஏற்காத இடங்களும் உண்டு. மணி ஆர்டர் பெரும்பாலான இடங்களில் செல்லும். ரொக்கத்தைத் தபாலில் வைக்காதீர்கள்.

சான்றிட்ட நகல் இரண்டாக வாங்குவது நல்லது. ஒன்று ஏதாவது அலுவலகத்தில் போய்த் தங்கிவிடும்.

9. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

இந்திய வங்கியின் டிமாண்ட் டிராஃப்டை நீதிமன்றம் வாங்காது. இந்தியத் தபால்தலை ஒட்டிய உறையும் பயன்படாது. இணையத்தில் கார்டு மூலம் கட்டும் வசதி இருந்தால் அதுவே எளிது. இல்லையென்றால் அமெரிக்காவில் இருக்கும் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, அவர் முகவரிக்கே நகலை வரவழையுங்கள். அப்போஸ்டிலுக்கும் அவரே அனுப்பிவிடலாம் என்பதால் கடல் கடந்து இருமுறை போய் வருவது மிச்சம்.

நியூயார்க் போல நோட்டரி கையெழுத்துக் கேட்கும் இடங்களுக்குச் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து நோட்டரி சேவை பெறலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர். உள்ளூர் நோட்டரியின் முத்திரையை ஏற்பார்களா என்று கிளார்க்கிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு விண்ணப்பத்தோடு வையுங்கள்.

10. வந்த நகலைச் சோதியுங்கள்

உறையைப் பிரித்ததும் பார்க்க வேண்டியவை: நீதிபதியின் கையெழுத்து, தாக்கலான தேதி முத்திரை, கிளார்க்கின் சான்று வாசகமும் முத்திரையும், பக்க எண்களின் தொடர்ச்சி, பெயர்களின் எழுத்துக்கூட்டல், பெயர் மீட்பு வரி. முத்திரை மை இல்லாமல் புடைப்பாகவும் இருக்கலாம். விரலால் தடவிப் பாருங்கள்.

ஸ்கேன் செய்வதற்காகப் பின்னைக் கழற்றாதீர்கள். பின்னைக் கழற்றி மாட்டிய நகலில் பக்கம் மாற்றப்பட்டிருக்கலாம் என்று அப்போஸ்டில் அலுவலகமும் தூதரகமும் நிராகரிக்கும். லேமினேட் செய்வதும் அதே விளைவைத் தரும். மூலையை மடக்கி, கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

11. இந்தியாவில் காட்டுவதற்கு அப்போஸ்டில்

இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. சான்றிட்ட தீர்ப்பின் மேல் அப்போஸ்டில் இருந்தால் தனியாகத் தூதரக முத்திரை தேவையில்லை.

தீர்ப்பு வழங்கிய மாநிலத்தில்தான் அப்போஸ்டில் வாங்க வேண்டும். இப்போது டெக்சாஸில் குடியிருந்தாலும் கலிபோர்னியத் தீர்ப்புக்குக் கலிபோர்னியாவின் மாநிலச் செயலர் அலுவலகம்தான். தலைநகர் வாஷிங்டன் டி.சி.யில் உள்ள அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அனுப்பினால் திரும்பி வரும். அவர்கள் மத்திய அரசு ஆவணங்களுக்கு மட்டுமே தருவார்கள். கட்டணம் நியூயார்க்கில் 10 டாலர், டெக்சாஸில் 15, கலிபோர்னியாவில் 20, நியூஜெர்சியில் 25.

ஒரு எச்சரிக்கை: அப்போஸ்டில் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று மட்டுமே சொல்லும். அந்த விவாகரத்தை இந்தியச் சட்டம் ஏற்குமா என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-வது பிரிவின் கீழ் வரும் தனிக் கேள்வி. ஒருதரப்பாக, எதிர்த்தரப்பு வராமலே முடிந்த தீர்ப்பு என்றால் இந்தியாவில் மறுமணப் பதிவுக்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

12. 'பதிவு இல்லை' என்று பதில் வந்தால்

முதலில் அவர்கள் எந்தப் பெயரில், எந்த ஆண்டுகளில் தேடினார்கள் என்று பதிலில் பாருங்கள். நான்காம் படியில் எழுதிய மற்ற வடிவங்களைக் கொடுத்து, ஆண்டு வரம்பை இருபுறமும் இரண்டாண்டு விரித்து மறுபடி கேளுங்கள். அடுத்து, பக்கத்துக் கவுண்டி. பிறகு மாநிலச் சுகாதாரத் துறையின் அட்டவணை.

பல பத்தாண்டுக்கு முந்தைய வழக்கென்றால் கட்டு மைக்ரோஃபிலிமிலோ மாநில ஆவணக் காப்பகத்திலோ இருக்கலாம். எந்தக் காப்பகம், என்ன சுருள் எண் என்று கிளார்க்கிடமே கேளுங்கள். எங்குமே இல்லையென்றால், தேடிப் பார்த்தும் பதிவு இல்லை என்பதற்கான சான்றை நீதிமன்ற முத்திரையோடு எழுதி வாங்குங்கள். குடியேற்றத் துறை போன்ற அலுவலகங்கள் மாற்று ஆதாரத்தைப் பரிசீலிக்க வேண்டுமானால் முதலில் கேட்பது இந்தச் சான்றைத்தான்.